சவானாவின் பொன்னிற எறும்பு

அறுபதுகளின் தொடக்கம். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் சிஸியேம் படித்துக்கொண்டிருந்தேன். இன்றைய கணக்கில் ஆறாம் வகுப்பு. பூகோள வாத்தியார் கரும்பலகையில் ஆப்பிரிக்காவை வரைந்தார். நடுவில் சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேய்த்து, அகலமான ஒரு பட்டை போட்டு, "லா சவான்" என்றார். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "முசே, நம்ம மில்லா?" என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு ஸ்வதேசி மில் என்று பெயர் மாறியிருந்தாலும், வீட்டுப் பெரியவர்கள் வாயில் அது சவானா மில்தான். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டு 12 தொழிலாளிகள் இறந்தது அந்த மில் போராட்டத்தில்தான். ஆகவே சவானா என்ற சொல் எங்களுக்குப் புல்வெளியைக் காட்டவில்லை. மில்லின் புகைபோக்கியையும் சங்குச் சத்தத்தையும்தான் காட்டியது. உயரமான புல், அங்கங்கே முள்மரம், வருடத்தில் பாதிக்கு மேல் மழையில்லாத வானம் என்று வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். பரீட்சையில் அப்படியே ஒப்பித்து மார்க் வாங்கினோம். அதோடு சவானாவை மறந்தோம்.

அறுபது வருடம் கழித்து ஓர் எறும்பு அதை எனக்கு நினைவுபடுத்தியது. அந்த எறும்பின் கதையைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். கடைசியில் என் கதையும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு லாஸ்பேட்டைப் பக்கம் குடிவந்தோம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் செம்மண் தரை. காலையில் காபி டம்ளரோடு அங்கே நாற்காலி போட்டு உட்காருவது வழக்கம். கட்டெறும்பு, பிள்ளையார் எறும்பு, கடித்தால் சுருக்கென்று ஏறும் சிவப்பு எறும்பு எல்லாம் நமக்குத் தெரிந்தவைதானே. ஒருநாள் புதிதாக ஒன்றைப் பார்த்தேன். கட்டெறும்பை விடச் சிறியது, உடம்பு கறுப்பு. ஆனால் பின்பாகம் மட்டும், பட்டுச் சேலையின் சரிகை போல, வெயிலில் பொன்னிறமாக மின்னியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். மிக நுண்ணிய பொன்னிற மயிர் அங்கே அடர்த்தியாகப் படிந்திருந்தது.

அதைவிட வேடிக்கை, அது நடந்த விதம். எறும்பு என்றால் சாரிதானே நமக்கு நினைவு வரும்? இங்கே சாரி இல்லை. இரண்டே இரண்டு எறும்புகள், ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போயின. நடுவில் ஒரு காய்ந்த இலை குறுக்கிட்டது. பின்னால் வந்தது தடுமாறி விலகிப்போனது. முன்னால் போனது உடனே நின்றுவிட்டது, ஓர் அடி கூட எடுத்து வைக்காமல். பின்னது சுற்றிச் சுற்றித் தேடி வந்து மீசையால் அதன் பின்பாகத்தைத் தட்டிய பிறகுதான் மறுபடி நடந்தது.

காபி ஆறிப்போனது. போனில் படம் எடுத்து, பழக்கமான ஒரு கல்லூரி விலங்கியல் ஆசிரியரிடம் காட்டினேன். "காம்போனோட்டஸ் செரிசியஸ் சார், தச்செறும்பு வகை" என்றார். "இது ஆப்பிரிக்க சவானாவிலும் உண்டு, நம் நாட்டிலும் உண்டு" என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் பின் பெஞ்சுக்காரனின் கேள்வி காதில் ஒலித்தது.

தச்செறும்பு என்று பெயர் இருந்தாலும் இதற்குத் தச்சு வேலை தெரியாது. குளிர்நாடுகளில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சில எறும்புகள் மரத்தைக் குடைந்து கூடு செய்யும். அதனால் மொத்தக் குடும்பத்துக்கும் தச்செறும்பு என்று பெயர் ஒட்டிக்கொண்டது. கரையான் போல அவை மரத்தைத் தின்பதில்லை. நம் பொன்னிற எறும்போ மண்ணில்தான் வளை வைக்கும். பகலில் தரையிலும் செடிகளிலும் திரிந்து இரை தேடும். சில இடங்களில் தலை செந்நிறமாக உள்ளவையும் உண்டு. 'செரிசியஸ்' என்றால் லத்தீனில் பட்டு போன்றது என்று பொருள். பெயர் வைத்தவர் கண்ணிலும் முதலில் பட்டது அந்தச் சரிகைதான்.

சகாராவுக்குத் தெற்கே, மேற்கில் செனகல் முதல் கிழக்கு ஆப்பிரிக்கா வரை வறண்ட புல்வெளிப் பிரதேசம் ஒரு பட்டையாக நீள்கிறது. வாத்தியார் சாக்பீஸால் தேய்த்த அதே பட்டை. அங்கே இந்த எறும்பு பரவலாக இருக்கிறது. பிறகு இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது. இரண்டு கண்டங்களில் ஒரே எறும்பா என்று முதலில் எனக்கு வியப்பாக இருந்தது. யோசித்தால் வியப்பில்லை. அதற்குத் தேசம் முக்கியமில்லை, தரைதான் முக்கியம். காய்ந்த மண், புல், முள்மரம், நீண்ட கோடை. நாம் ரிக்கார்டில் 'தரிசு', 'புறம்போக்கு' என்று எழுதிய நிலங்கள் பலவற்றை இன்றைய சூழலியல் அறிஞர்கள் சவானா என்றே சொல்கிறார்கள். அழிந்த காடு அல்ல, தொன்றுதொட்டே புல்லும் முள்ளுமாக இருந்த நிலம் என்கிறார்கள். ஒரு கிளார்க்கின் பேனா எத்தனை சவானாவைத் தரிசாக்கியதோ!

இந்த இரண்டு தரைகளுக்கும் நடுவே புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னோர் உறவும் உண்டு. அதை வகுப்பில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. செனகல் நதிக்கரைச் சவானாவில் ஒரு வகை வேலமரம் வளர்கிறது. நம் கருவேலத்துக்கு உறவு. அதன் பிசின் ஐரோப்பாவில் துணிகளுக்கு அச்சடிக்கவும் கஞ்சி போடவும் தேவைப்பட்டது. பிரெஞ்சு வியாபாரிகள் அதை வாங்க நதிக்கரைச் சந்தைகளுக்குப் போனார்கள். விற்றவர்கள் பாலைவனத்து மூர் வணிகர்கள். அவர்கள் பிசினுக்கு விலையாகக் கேட்டது பெரும்பாலும் காசை அல்ல, நீலத் துணியை. அவுரிச் சாயத்தில் தோய்த்த அந்தப் பருத்தித் துணிக்குப் பிரெஞ்சில் 'கினே' என்று பெயர். அது நம் புதுச்சேரியிலிருந்து போனது. அந்தச் சந்தையில் பொருள்களின் விலையையே இத்தனை கினே என்று சொல்லுமளவுக்கு அது நாணயமாகிவிட்டது. ஐரோப்பாவிலும் அதைப் போலச் செய்து பார்த்தார்கள். ஆனால் வாங்குகிறவர்கள் துணியைத் தொட்டும் மோந்தும் பார்த்து இந்தியத் துணியைத்தான் கேட்டார்கள். எந்தத் துணி உண்மையான கினே என்று வரையறுத்து 1843-இல் பிரெஞ்சு அரசு ஒரு கட்டளையே போட வேண்டியிருந்தது. நம் ஊரில் நெசவும் சாயமும், பிறகு மில்களும் பிழைத்ததில் இந்த வியாபாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆக, "சவானா என்றால் நம்ம மில்லா?" என்று கேட்டவன் முழு முட்டாள் இல்லை!

அந்தக் கப்பல்களில் எறும்பும் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நம் முப்பாட்டன்மார் துணி நெய்த நாளில் எறும்பு அங்கேயும் இங்கேயும் தன் வளையில் இருந்தது. நாம்தான் குனிந்து பார்க்கவில்லை.

குனிந்து பார்த்தவர்கள் யார் என்று தேடினேன். அதுதான் இந்தக் கட்டுரையின் சரித்திரப் பகுதி.

இந்த எறும்புக்கு 1798-இல் பெயர் வைத்தவர் யோஹான் கிறிஸ்டியன் ஃபப்ரிசியஸ். டென்மார்க்கில் பிறந்தவர், கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், சுவீடனின் லின்னேயஸிடம் பாடம் கேட்ட மாணவர். செடிகளுக்குக் குரு செய்ததைப் பூச்சிகளுக்குச் செய்வது என்று வாழ்நாளைக் கழித்தவர். அவர் புத்தகங்களில் பூச்சி கிடைத்த ஊராக அடிக்கடி வரும் ஒரு பெயர் நமக்கு நன்றாகத் தெரிந்தது. தரங்கம்பாடி! அங்கே டேனியர்களின் கோட்டையும் மிஷனும் இருந்தன. லின்னேயஸின் இன்னொரு மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் மருத்துவராக அங்கே வந்து சேர்ந்தார். தஞ்சாவூர்ச் சீமையில் செடியும் பூச்சியும் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கரையானைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1779-இல் ஜெர்மன் மொழியில் அச்சானது. பிறகு ஆற்காட்டு நவாபிடமும் கும்பெனியிடமும் வேலை பார்த்து, 1785-இல் ஆந்திரக் கரையில் இறந்தார். சொந்த ஊருக்குத் திரும்பவேயில்லை.

கோனிக் போன்றவர்களுக்குப் புற்றைக் காட்டியவர்கள் யார்? வெட்டிக் கொடுத்தவர்கள் யார்? "இது இன்ன எறும்பு, இன்ன மாதத்தில் சிறகு முளைக்கும்" என்று சொன்னவர்கள் யார்? நம் ஊர் ஆட்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தப் பெயர்கள் லத்தீன் புத்தகங்களில் ஏறவில்லை. பதிவேடுகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்துகிறது.

ஃபப்ரிசியஸ் காலத்தில் கிட்டத்தட்ட எல்லா எறும்பும் 'ஃபார்மிகா' என்ற ஒரே பெட்டியில் கிடந்தது. 1861-இல் ஆஸ்திரியாவின் குஸ்தாவ் மாயர் தச்செறும்புகளைப் பிரித்தெடுத்து 'காம்போனோட்டஸ்' என்று தனிப்பெயர் கொடுத்தார். வளைந்த முதுகுடையது என்று பொருள்.

அடுத்தவர்தான் எனக்கு நெருக்கமானவர், மொழியால். ஒகுஸ்த் ஃபொரேல் 1848-இல் சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு பேசும் பகுதியில் பிறந்தவர். தொழிலால் மனநல மருத்துவர். ஜூரிச் நகரின் பெரிய மனநல மருத்துவமனைக்குத் தலைவராக இருந்தவர். ஆனால் மனசெல்லாம் எறும்பு. அவர் விவரித்த எறும்பு வகைகள் மூவாயிரத்துக்கும் மேல். மனித இனத்தைச் சீர்செய்வது பற்றி அவர் கொண்ட சில கருத்துகள் இன்று ஏற்கத் தகாதவை. அதையும் சொல்லிவிட வேண்டும். சுவிஸ் தேசிய வங்கி எழுபதுகளின் கடைசியில் வெளியிட்ட 1000 ஃபிராங்க் நோட்டில் முன்பக்கம் அவர் முகமும் பின்பக்கம் எறும்புகளும் இருந்தன. எறும்பை இப்படிக் கௌரவித்த நோட்டு வேறு எங்கே இருக்கிறது?

அவர் இந்தியா முழுவதன் எறும்புகளையும் இலங்கை எறும்புகளையும் பற்றி 1892-இல் தொடங்கி ஒரு தொடர் எழுதினார். வெளியானது பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆங்கில இதழில். தொடரோ முழுக்கப் பிரெஞ்சில்! பம்பாய்ப் பக்கத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த ராட்டன் போன்றவர்கள் எறும்புகளைப் பிடித்து அனுப்ப, அவர் சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியில் பார்த்து எழுதினார். தொடக்கத்திலேயே தச்செறும்புகளைத்தான் எடுத்துக்கொண்டார். அந்தப் பழைய பக்கங்களை இப்போது இணையத்தில் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். பேரன் எடுத்துக் கொடுத்தான். பள்ளியில் அடி வாங்கிக் கற்ற மொழி, எழுபது வயதுக்கு மேல், என் வீட்டுக் கொல்லையிலுள்ள எறும்புகளின் உறவுமுறையைப் படிக்க உதவும் என்று யார் நினைத்தார்கள்!

ஃபொரேலுக்கு எறும்புப் பித்து எப்படிப் பிடித்தது தெரியுமா? சிறுவனாக இருக்கும்போது பாட்டி ஒரு புத்தகம் கொடுத்தார். பியேர் ஹூபேர் 1810-இல் எறும்புகளைப் பற்றி எழுதிய புத்தகம். இந்தப் பியேரின் தந்தை ஃபிரான்சுவா ஹூபேர், தேனீக்களை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜெனிவாக்காரர். அவருக்கு இளம் வயதிலேயே பார்வை போய்விட்டது. கண் தெரியாதவர் தேனீயை எப்படி ஆராய்ந்தார்? ஃபிரான்சுவா பூர்னென்ஸ் என்ற வேலையாள் இருந்தார். எசமானர் கேள்வி கேட்பார், பூர்னென்ஸ் கூட்டைத் திறந்து பார்த்துச் சொல்வார். புரியவில்லை என்றால் மறுபடி பார்ப்பார். இப்படி ஆண்டுக்கணக்கில் வேலை செய்துதான் 1792-இல் அந்தத் தேனீப் புத்தகம் வந்தது. நல்லவேளையாக ஹூபேர் பூர்னென்ஸின் பெயரை மறைக்கவில்லை. அப்பாவைப் பார்த்து மகன், மகன் புத்தகத்தைப் பார்த்து ஃபொரேல், ஃபொரேலைப் பார்த்து இன்னும் பலர். ஒருவர் பின் ஒருவராகத்தான் வந்திருக்கிறார்கள்.

ஆனால் இத்தனை பேரும் எறும்பின் உருவத்தைத்தான் எழுதினார்கள். நான் கொல்லையில் பார்த்த ஜோடி நடையை இந்த எறும்பில் கவனித்து எழுதியவர் ரிச்சர்ட் ஹிங்ஸ்டன். அயர்லாந்தில் படித்து, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த ராணுவ டாக்டர். 1924-இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவுக்கு இவர்தான் மருத்துவர். மாலரியும் இர்வினும் திரும்பி வராத அதே பயணம். 22,000 அடி உயரத்தில் எல்லோரும் மூச்சுக்குத் திணறும்போது இவர் கல்லைப் புரட்டிச் சிலந்தி தேடினார், கண்டும் பிடித்தார். அப்படிப்பட்டவர் கண்ணில் தரையில் போகும் ஓர் எறும்பு ஜோடி படாமல் போகுமா? 1929-இல் வந்த புத்தகத்தில் அதை எழுதினார்.

அந்த நடையின் உள்விவரம் தெரிய இன்னும் 45 வருடம் ஆயிற்று. 1974-இல் ஹோல்டோப்லர், மோக்லிச், மாஷ்விட்ஸ் என்ற மூன்று ஜெர்மானியர்கள் இந்தப் பொன்னிற எறும்பையே வைத்துச் சோதனை செய்து எழுதினார்கள். அவர்கள் கண்டது இது.

இரை கண்ட எறும்பு வயிற்றை நிரப்பிக்கொண்டு, வழியில் ஒரு வாசனையை இட்டபடி வளைக்குத் திரும்புகிறது. பல எறும்புகளுக்கு அந்த வாசனை ஒன்றே போதும், கூட்டம் சாரியாகக் கிளம்பிவிடும். இந்த எறும்புக்குப் போதாது. வாசனை பாதைக்கு அடையாளம் மட்டுமே, அழைப்பு அல்ல. அழைக்க ஆள் வேண்டும். வந்த எறும்பு வளைக்குள் வேகமாக ஓடி, எதிர்ப்படுகிறவர்களை முகத்துக்கு முகம் மோதி உசுப்பும். கொண்டுவந்ததில் ஒரு சொட்டு வாயில் ஊட்டும். அழைப்பை ஏற்றது பின்னால் ஒட்டிக்கொள்ளும். பிறகு இரண்டும் கிளம்பும். பின்னது மீசையால் முன்னதின் பின்னங்காலையும் பொன் வயிற்றையும் தட்டிக்கொண்டே வர வேண்டும். அந்தத் தட்டல்தான் "வருகிறேன், போ" என்கிற சொல். தட்டல் நின்றால் முன்னது நின்றுவிடும். ஆராய்ச்சிக்காரர்கள் பின்னதை எடுத்துவிட்டு ஒரு மயிரிழையால் முன்னதைத் தட்டிப் பார்த்தார்கள். அது நடந்தது! தட்டுவதை நிறுத்தினார்கள், நின்றது.

அழைப்பு ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். வளை மாற்றும்போதும் இப்படித்தான், கூட்டிப் போவது ஒவ்வொன்றாகத்தான். போய்ப் பார்த்தது பாதையைத் தெரிந்துகொண்டு, பிறகு அதுவும் இன்னொன்றைக் கூட்டிப் போகலாம்.

2006-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஃபிராங்க்ஸ், ரிச்சர்ட்சன் என்ற இருவர் வேறொரு குட்டி எறும்பில் இதே ஜோடி நடையை அளந்தார்கள். முன்னே போவது தனியாகப் போனால் ஏறக்குறைய நான்கு மடங்கு சீக்கிரம் இரைக்குப் போய்விடும் என்று கண்டார்கள். தன் நேரத்தைச் செலவழித்து, பின்னால் வருபவரின் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் இதைக் கற்பித்தல் என்றே சொல்ல வேண்டும் என்று எழுதினார்கள்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகத்தில் பிரெஞ்சுக் காலத்துப் பதிவேடுகள் அலமாரி அலமாரியாக இருந்தன. பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் பிரெஞ்சில், கைப்பட எழுதியவை. ஸ்கூலில் படித்த பிரெஞ்சு அங்கே எடுபடவில்லை. அந்தச் சுழித்த கையெழுத்தையும் சுருக்கெழுத்துகளையும் எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் பெரிய கிளார்க் ஐயா. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். நான் திக்கினால் அவர் அடுத்த வரிக்குப் போக மாட்டார். மூக்குப்பொடி போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். நானே கண்டுபிடித்துச் சொல்லும் வரை அப்படியே இருப்பார். ஒன்றரை வருடம் ஆயிற்று.

காலம் போய் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஒரு பையன் புதிதாக வந்தான். தமிழ், இங்கிலீஷ் மட்டும் தெரியும். பணிவானவன். அவனுக்கு ஒரு நாள் மத்தியானம், இரண்டு மணி நேரத்தில், எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, "புரிஞ்சுதா தம்பி?" என்றேன். "புரிஞ்சுது சார்" என்றான். வேறென்ன சொல்வான்? நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஃபைல் குவிந்து கிடந்தது.

பிரெஞ்சுப் பதிவேட்டில் தகப்பனார் இறந்திருந்தால் அவர் பெயருக்கு முன்னால் 'ஃபெ' என்று ஒரு சின்னச் சொல் எழுதுவார்கள். காலஞ்சென்ற என்று பொருள். அதே எழுத்துகளுக்கு நெருப்பு என்றும் பொருள் உண்டு. பையனுக்கு இரண்டும் தெரியாது. அதைப் பெயரின் பகுதி என்று நினைத்து, ஒரு வயதான அம்மாவின் நகலில் தகப்பனார் பெயரோடு சேர்த்து டைப் அடித்துவிட்டான். பென்ஷனுக்குக் கொடுத்த மற்றக் காகிதங்களோடு பெயர் ஒத்துப்போகவில்லை. அந்த அம்மா வெயிலில் மூன்று தடவை அலைந்தார். மேலே புகார் போயிற்று. பையனுக்கு மெமோ வந்தது. அந்த மெமோவைத் தயார் செய்து சுருக்கொப்பம் போட்டவன் நான். "நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவன் தப்பியிருப்பான். எழுதவில்லை. ஆறு மாதத்தில் அவன் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவனோடு, அந்த அலமாரிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள வந்த கடைசி ஆளும் போனான். நான் ஓய்வு பெற்றபோது என் பின்னால் யாரும் இல்லை.

சில வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "சார், நல்லா இருக்கீங்களா?" என்றார். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது பழைய பத்திரமோ பிறப்புப் பதிவோ பிரெஞ்சில் இருந்தால், தெருவில் உள்ளவர்கள் என்னிடம் எடுத்துவருகிறார்கள். இப்படிப் படிக்கக்கூடியவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறோம். என்னோடு படித்தவர்களில் பலர் ஃபிரான்சுக்குப் போய்விட்டார்கள். சிலர் பெயருக்கு முன்னால் 'ஃபெ' சேர்ந்துவிட்டது. முன்பெல்லாம் இதற்கு ஒரு வகுப்பு நடத்த வேண்டும், இருபது பேரைச் சேர்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருப்பேன். நடந்ததில்லை. எறும்பைப் பார்த்த பிறகு இருபது பேர் வேண்டாம் என்று தோன்றியது.

மாடியில் குடியிருப்பவர்களின் பெண் கல்லூரியில் சரித்திரம் படிக்கிறாள். "தாத்தா, எனக்குச் சொல்லித் தாங்களேன்" என்று அவளாகத்தான் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறாள். ஒரு தடவைக்கு ஒரு பக்கம். என் தகப்பனாரின் பிறப்புப் பதிவு நகலில் தொடங்கினோம்.

போன வாரம் ஒரு திருமணப் பதிவு. மாப்பிள்ளையின் பெயரை ஒழுங்காகப் படித்தாள். அடுத்து 'மகன்' என்ற சொல்லையும் படித்தாள். பிறகு நின்றாள்.

"நெருப்போட மகனா, தாத்தா?"

விடை என் நாக்கு நுனியில் இருந்தது. பொடி போடும் பழக்கம் எனக்கில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, கொல்லைச் செம்மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அதே பக்கத்தில் விரலை ஓட்டி, பெண்ணின் தகப்பனார் பெயரைப் பார்த்தாள். அங்கே அந்தச் சொல் இல்லை. கையெழுத்துகளைப் பார்த்தாள். பெண்ணின் தகப்பனார் கையெழுத்து இருந்தது, மாப்பிள்ளையின் தகப்பனாருடையது இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"செத்துப்போயிட்டாரா?" என்றாள்.

"ஆமாம்மா. அடுத்த வரி படி" என்றேன்.

மெமோ வாங்கியவரின் போன் நம்பரை அந்தக் கல்யாண வீட்டாரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இதைப் பதிவில் போட்டுவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும்.